கடை விளம்பரப் படங்களில் மாடலுக்குப் பதிலாக வாடிக்கையாளர்களையே நிறுத்தலாமா?

கேள்வி: முத்தியால்பேட்டைக் கடைக்காரி

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பெண்களுக்கான ஆயத்த ஆடைக் கடை ஒன்றை என் நாத்தனாருடன் சேர்ந்து நடத்தி வருகிறேன். குர்த்தி, சுடிதார், நைட்டி, ரெடிமேட் பிளவுஸ் ஆகியவைதாம் எங்கள் வியாபாரம். பாதிச் சரக்கை மொத்த வியாபாரிகளிடம் வாங்குகிறோம். மீதியை நாங்களே துணி எடுத்துத் தைக்கக் கொடுக்கிறோம். கடைக்கு நேரில் வருகிறவர்களைக் காட்டிலும், இன்ஸ்டாகிராம் பக்கத்தில் படத்தைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் ஆர்டர் தருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். ஆகவே படம்தான் எங்களுக்குக் கடை வாசல்.

தீபாவளிக்கு எடுக்கவேண்டிய படங்களைப் பற்றியதுதான் என் கேள்வி. எங்களுக்கு வழக்கமாகப் படம் எடுத்துத் தருகிறவர், சென்னையிலிருந்து ஒரு மாடலை வரவழைத்து, பிரெஞ்சுக் காலத்துக் கட்டடங்கள் உள்ள ஒயிட் டவுன் பகுதியின் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நிறுத்தி எடுத்துவிடலாம் என்கிறார். என் மனம் அதற்கு ஒப்பவில்லை. எங்களிடம் துணி எடுப்பவர்களில் பெரும்பாலோர் முப்பது வயதைத் தாண்டியவர்கள், பிள்ளை பெற்றவர்கள், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் அளவுகளே எங்களிடம் முதலில் தீர்ந்துபோகின்றன. படத்திலோ இருபது வயதுப் பெண் ஒருத்தி ஸ்மால் அளவை அணிந்து நிற்கிறாள். “இது எனக்குப் போட்டால் எப்படி இருக்கும் அக்கா?” என்று யாராவது கேட்காமல் ஒரு நாளும் போவதில்லை.

பொங்கலுக்கு வாடிக்கையாளர் ஒருவரின் முழு விருப்பத்தோடு அவருடைய படத்தையே வெளியிட்டோம். அந்தக் குர்த்தி நன்றாக விற்றது. ஆனால் படத்தின் கீழே முகம் தெரியாத சிலர் அவருடைய உடம்பைக் கேலி செய்து எழுதினார்கள். நாங்கள் நீக்குவதற்குள் அவர் அவற்றைப் படித்துவிட்டார். இனி இப்படிச் செய்யவே கூடாது என்று நாத்தனார் சொல்கிறார். பருமனாக இருப்பதை நாமே ஊக்குவிப்பதுபோல் ஆகிவிடாதா என்றும் அவர் கேட்கிறார். எல்லா உடல்வாகையும் மதிக்க வேண்டும் என்று பெரிய நிறுவனங்கள் பாடி பாசிட்டிவிட்டி என்ற பெயரில் செய்வதை எங்களைப் போன்ற சிறிய கடை, யாரையும் நோகடிக்காமல், பொய்யும் சொல்லாமல் எப்படிச் செய்வது? அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.


பதில்: மஞ்சக்குப்பம் கட்டிங் மாஸ்டர்

வணக்கம் அம்மா. நான் திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்களில் கட்டிங் மாஸ்டராக இருந்துவிட்டு, இப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் சொந்தமாகத் தையலகம் வைத்திருக்கிறேன். படத்தில் யாரை நிறுத்துவது என்பது இரண்டாவது கேள்வி என்பது என் கருத்து. அவர் அணியப்போகும் துணி அவருக்காக வெட்டப்பட்டதா என்பதுதான் முதல் கேள்வி.

துணிக்கடைப் பொம்மைகளின் முதுகுப் பக்கத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். முன்னால் இடுப்பு அழகாக வளைந்திருக்கும். பின்னால் துணியை இரண்டு விரல் அளவுக்குக் கொத்தாகப் பிடித்து, கழுத்திலிருந்து இடுப்புவரை வரிசையாகக் குண்டூசி குத்தியிருப்பார்கள். படப்பிடிப்பில் குண்டூசிக்குப் பதிலாக கிளிப். மெலிந்த மாடலுக்கே அந்தத் துணி சரியாகப் பொருந்துவதில்லை. பொருந்துவதுபோல் காட்டத்தான் அத்தனை கிளிப்பும். அப்படி எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு வாங்கும் பெண், வீட்டில் கண்ணாடி முன் நின்று குறை தன் உடம்பில் இருப்பதாக நினைக்கிறாள். குறை துணியில் இருக்கிறது.

அதற்குக் காரணம் நாங்கள் தொழிலில் கிரேடிங் என்று சொல்லும் முறை. மீடியம் அளவுக்கு ஒரு பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான மாதிரி வடிவம், போடுவார்கள். அதிலிருந்து லார்ஜ், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல் என்று ஒவ்வொரு படிக்கும் மார்பிலும் இடுப்பிலும் இத்தனை அங்குலம், தோளில் இத்தனை, கழுத்தில் இத்தனை என்று கணக்காகக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஆனால் மனித உடம்பு அந்தக் கணக்கில் வளர்வதில்லை. சதை போட்ட பெண்ணுக்கு மார்பும் வயிறும் மேற்கையும் பெருக்கும். தோள் எலும்பு அந்த அளவுக்கு அகலமாவதில்லை. அதனால்தான் டபுள் எக்ஸ்எல் குர்த்தியில் கழுத்து தோளிலிருந்து நழுவுகிறது. கை மட்டும் இறுக்கிப் பிடிக்கிறது. அக்குளில் துணி தொங்குகிறது. முன்பக்கம் வயிற்றில் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் நீளமாக இறங்குகிறது. இதைத் தீர்க்க ஒரே வழி, பெரிய அளவுகளுக்கென்று தனியாக ஓர் அடிப்படைப் பேட்டர்னைப் போடுவது. எக்ஸ்எல்லுக்கு மேலே உள்ள ஒரு பெண்ணை நேரில் நிறுத்தி அளவெடுத்து, மார்பு வளைவுக்காகப் பிடித்துத் தைக்கும் மடிப்பான டார்ட்டைக் கொஞ்சம் ஆழமாகவும் மேற்கையைத் தாராளமாகவும் தோளை அளவாகவும் வைத்து வெட்டி, அதிலிருந்து மேலே கிரேடிங் செய்ய வேண்டும். பெரிய நிறுவனங்கள்கூட இந்தச் செலவைத் தவிர்க்கின்றன.

இந்தியாவில் நமக்கென்று ஒரு பொது அளவு அட்டவணை இல்லாமலே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறோம். அமெரிக்க, பிரிட்டிஷ் அட்டவணைகளை ஆளுக்கொரு விதமாகத் திருத்திக்கொண்டதால்தான் ஒரு கடையின் லார்ஜ் இன்னொரு கடையில் எக்ஸ்எல் ஆகிறது. இதைச் சரிசெய்யவே மத்திய ஜவுளி அமைச்சகமும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட்டும் இந்தியாசைஸ் என்ற திட்டத்தை எடுத்தன. ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளப்பது அதன் இலக்கு. அந்த அட்டவணை கடைத்தெருவரை வந்து சேரும்வரை, எஸ், எம், எல் என்ற எழுத்துகளை நம்பாமல், தைத்த துணியின் மார்புச் சுற்றளவு, சீட் எனும் பின்புறச் சுற்றளவு, மேற்கைச் சுற்று, நீளம் ஆகிய நான்கையும் அங்குலத்தில் ஒவ்வொரு படத்தோடும் போடுங்கள்.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 44 அங்குல அகலத் துணியில் சிறிய அளவுக்கு முன்பாகமும் பின்பாகமும் பக்கம் பக்கமாக அடங்கிவிடும். பெரிய அளவுக்கு ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வெட்ட முடியும். துணி கூடுதலாகப் போவது உண்மைதான். அதற்காகப் பெரிய அளவுக்கு மட்டும் ஐம்பதோ நூறோ ஏற்றிவிட்டு, படத்தில் மட்டும் எல்லா உடம்பும் எங்களுக்குச் சமம் என்று காட்டினால், அந்தப் படத்தை எந்தப் பெண்ணும் நம்பமாட்டாள். உயரமானவருக்கு நீளக் குர்த்தியும் அதே விலைதானே? எல்லா அளவுகளின் துணிச் செலவையும் கூட்டிச் சராசரி எடுத்து ஒரே விலை வையுங்கள். பக்கத் தையலில் உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டுத் தையுங்கள். அதிகச் செலவில்லாமல் வாடிக்கையாளர் மனத்தில் இடம்பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.


பதில்: திருப்பாதிரிப்புலியூர் ஜவுளி

நானும் கடை வைத்திருப்பவன் என்பதால் மறுபக்கத்தைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். தீபாவளி என்பது ஆண்டு வியாபாரத்தில் பெரும்பங்கைத் தூக்கி நிறுத்தும் சீசன். அந்தச் சமயத்தில் புதுமை செய்து பார்ப்பது எங்களைப் போன்ற சிறு முதலீட்டாளர்களுக்குத் தாங்காது. வாடிக்கையாளர் துணியை மட்டும் வாங்குவதில்லை. அதை உடுத்தினால் தாமும் இப்படித் தோன்றுவோம் என்ற ஆசையையும் சேர்த்தே வாங்குகிறார். அந்த ஆசையைக் குற்றம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. பண்டிகைக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்று எல்லோரும் விரும்புகிறார்கள். ஆகவே முகப்பில் மாடலின் படத்தை வைத்துக்கொண்டு, அதே பதிவின் உள்ளே இரண்டாவது, மூன்றாவது படங்களாக வாடிக்கையாளர்களின் படங்களை வைக்கலாம் என்பது என் யோசனை. கேலி செய்பவர்கள் பெரும்பாலும் முதல் படத்தைத் தாண்டிப் போவதில்லை.


பதில்: வில்லியனூர் மாணவி

நான் புதுச்சேரியில் காட்சித் தொடர்பியல் படிக்கிறேன். மேலே ஐயா சொன்ன ஆசையை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஒல்லியான பெண்ணை வாசலிலும் பருத்த பெண்ணை உள்ளறையிலும் வைக்கும் ஏற்பாட்டை நான் ஏற்கவில்லை. சிறு வயதிலிருந்தே குடும்பப் புகைப்படங்களில் பின் வரிசைக்கு அனுப்பப்பட்டவள் என்ற முறையில் சொல்கிறேன்: எங்கே நிறுத்தப்படுகிறோம் என்பதிலிருந்தே நமக்கு என்ன மதிப்பு என்பது எங்களுக்குப் புரிந்துவிடும்.

அக்கா, பெரிய நிறுவனங்கள் செய்வதைப் பார்த்துச் செய்ய வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். பாடி பாசிட்டிவிட்டி இயக்கம் விளம்பர நிறுவனங்களில் பிறந்ததில்லை. பருமனானவர்களுக்கு வேலையிலும் மருத்துவமனையிலும் சம மரியாதை வேண்டும் என்று கேட்டு 1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் சங்கம் அமைத்தவர்களிடமிருந்து வந்தது அது. டவ் சோப்பு நிறுவனம் 2004ஆம் ஆண்டு மெய்யான அழகு என்ற கருத்தில் சாதாரணப் பெண்களைப் படம்பிடித்துப் பெரிய விளம்பரத் தொடரைத் தொடங்கியபோது உலகமே பாராட்டியது. டவ்வின் உரிமையாளரான அதே யூனிலீவர் குழுமம்தான் அந்த ஆண்டுகளில் நம் நாட்டில் ஃபேர் அண்ட் லவ்லியை விற்று, நிறம் மாறினால்தான் வேலையும் மாப்பிள்ளையும் கிடைக்கும் என்று நம் தொலைக்காட்சிகளில் சொல்லிக்கொண்டிருந்தது. 2020ஆம் ஆண்டில்தான் பெயரிலிருந்து ஃபேர் என்பதை எடுத்துவிட்டு குளோ என்று வைத்தார்கள். விக்டோரியாஸ் சீக்ரெட் என்ற உள்ளாடை நிறுவனம் 2014ஆம் ஆண்டு ஒரே மாதிரி மெலிந்த பெண்களை வரிசையாக நிறுத்தி, இதுவே குறையற்ற உடல் என்று பொருள்படும் வாசகத்தைப் போட்டது, ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு எதிர்த்த பிறகு வாசகத்தை மாற்றியது, படத்தை மாற்றவில்லை. காற்று அடிக்கும் பக்கம் சாய்வது அவர்கள் வழக்கம். எடை குறைக்கும் ஊசிகள் பிரபலமான பிறகு, மேலைநாட்டுப் பெரிய ஆடைக் காட்சிகளில் பருத்த மாடல்கள் மறுபடியும் அரிதாகிவிட்டார்கள்.

இன்னொன்று. நம் ஊரில் உருவக் கேலி என்பது பருமனோடு நிற்பதில்லை. கறுப்பு, ஒல்லி, குள்ளம், பல், முடி என்று எதையும் விடமாட்டார்கள். என் தோழியை ஒல்லிக்குச்சி என்று கூப்பிடுவது பாசத்தின் அடையாளம் என்றே அவள் வீட்டில் நம்புகிறார்கள். சென்னையைச் சேர்ந்த விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009ஆம் ஆண்டு கறுப்பும் அழகே என்ற பிரச்சாரத்தைத் தொடங்கியதும், நடிகை நந்திதா தாஸ் பின்னர் அதற்குக் குரல் கொடுத்ததும், நமக்கு இந்தப் பிரச்சினையில் நிறம் எவ்வளவு ஆழமாகக் கலந்திருக்கிறது என்பதால்தான். பருத்த பெண் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரும் சிவப்பாக, இடை மட்டும் ஒடுங்கியவராக இருந்துவிட்டால், ஓர் அச்சை உடைத்து இன்னோர் அச்சை வைத்ததாகத்தான் ஆகும். கறுத்தவரும் வரட்டும், மெலிந்தவரும் வரட்டும், ஐம்பது வயது அம்மாவும் வரட்டும்.

கருத்துப் பகுதியைப் பற்றி: இன்ஸ்டாகிராமில், மறைக்க வேண்டிய சொற்களை நாமே பட்டியலிடும் வசதி இருக்கிறது. ஆங்கில வசைகளை அது ஓரளவு தானாகவே பிடிக்கும். தமிழ் வசைகளை, அதிலும் ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழ் வசைகளைப் பிடிப்பது அதற்குக் கடினம். யானை, பூசணி, பேரல், ஆண்ட்டி என்று வழக்கமாக வரும் சொற்களைத் தமிழிலும், ஆங்கில எழுத்தில் ஒவ்வொன்றையும் எத்தனை விதமாக எழுதுவார்களோ அத்தனை விதத்திலும் ஒருமுறை உட்கார்ந்து ஏற்றிவிடுங்கள். உங்களைப் பின்தொடர்பவர்கள் மட்டும் கருத்திடும்படியும் கட்டுப்படுத்தலாம். பதிவை இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். யாராவது ஒருவர் உட்கார்ந்து பார்க்கக்கூடிய நேரத்தில் போடுங்கள். படத்தில் இருப்பவருக்கு அந்தக் காவல் வேலையை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

இதைச் சின்ன விஷயமாக யாரும் எண்ண வேண்டாம். ஃபேஸ்புக் நிறுவனம் தனக்குள் நடத்திய ஆய்வுகள் 2021ஆம் ஆண்டு வெளியே கசிந்தன. தம் உடலைப் பற்றி ஏற்கெனவே மனம் நொந்திருந்த பதின்வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்குகிறது என்று அதில் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெண்களில் நம் காலாப்பட்டுப் பிள்ளைகளும் நெல்லிக்குப்பத்துப் பிள்ளைகளும் சேர்த்தி இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?


பதில்: புதுவை ஒளிப்படக்காரன்

படம் எடுப்பது என் தொழில். ஆகவே என் பங்குக்குக் கருவியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அலைபேசியின் முதன்மைக் கேமரா அகலக் கோணம் கொண்டது. அதை வைத்துக்கொண்டு அருகில் போய் முழு உருவத்தை எடுத்தால், எது கேமராவுக்கு அருகில் இருக்கிறதோ அது பெருத்துவிடும். முக உயரத்தில் பிடித்தால் தலை பெரிதாகிக் கால் குட்டையாகும். பருத்தவர்கள் படத்தில் தம்மைப் பார்த்து மருள்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். எட்டு, பத்து அடி பின்னால் போய், இரண்டு மடங்கு ஜூமில், கேமராவை இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே பிடித்து எடுங்கள். எந்த உடம்பும் உள்ளபடியே வரும்.

மஞ்சள் சுவரை நானும் விரும்புகிறேன். ஆனால் துணி விற்க அது உதவாது. வெயில் பட்ட மஞ்சள் சுவர் தன் நிறத்தைத் துணிமேலும் தோல்மேலும் அடிக்கிறது. பின்னால் பளிச்சென்ற சுவர் இருந்தால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். மாநிறமும் கறுப்புமான முகங்கள் இருண்டுவிடும். அதைச் சரிக்கட்ட எடிட்டிங்கில் முகத்தை வெளுப்பார்கள். அரக்குப் புடவை செங்கல் நிறமாகி, நிறம் மாறிவிட்டது என்று சரக்கு திரும்பி வரும். கடைக்குள்ளேயே சாம்பல் நிறத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, வாசல் பக்கத்து நிழல் வெளிச்சத்தில் எடுங்கள். பல அலைபேசிகளில் பியூட்டி மோட் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

பருத்தவரை நிறுத்தியதும் கையில் பையைக் கொடுத்து வயிற்றை மறைக்கச் சொல்வது, பக்கவாட்டில் திருப்புவது, துப்பட்டாவை விரித்துவிடச் சொல்வது என்று எங்கள் தொழிலில் சில கைப்பழக்கங்கள் உண்டு. எல்லாரையும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஒரே நிலையில் நிறுத்துங்கள். ஒரே குர்த்தியை மூன்று பேர் மூன்று அளவில் அணிந்து நிற்கட்டும். அடியில், “உயரம் 5 அடி 2 அங்குலம், அணிந்திருப்பது டபுள் எக்ஸ்எல்” என்று எழுதிவிட்டால், எப்படி இருக்கும் அக்கா என்ற கேள்வி பாதியாகக் குறையும். துணியின் கசங்கலை எடிட்டிங்கில் எடுக்கலாம். உடம்பின் கோட்டைத் தொடக் கூடாது.

நம் ஊர்க்காரர்கள் பலருக்குப் பிரான்சில் உறவுகள் இருப்பதால் இது சிலருக்குத் தெரிந்திருக்கலாம். மாடலின் உடலை மெலிதாகவோ பருமனாகவோ திருத்திய விளம்பரப் படத்தில், இது திருத்தப்பட்ட படம் என்று எழுத வேண்டும் என்பது அங்கே 2017 அக்டோபர் 1 முதல் சட்டம். மீறினால் 37,500 யூரோ அபராதம். விளம்பரச் செலவில் 30 விழுக்காடு வரைக்கும் அது உயரலாம். நார்வேயில் 2022 ஜூலை முதல் சமூக ஊடகங்களில் விளம்பரம் செய்யும் தனிநபர்களுக்கும் இத்தகைய விதி உண்டு. இந்தியாவில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் விளம்பரத் தர நிர்ணயக் குழுவான அஸ்கி 2022ஆம் ஆண்டு தன் நெறிமுறையைத் திருத்தி, உடல்வாகு, வயது ஆகியவற்றைக் காட்டி யாரையும் இழிவுபடுத்தும் விளம்பரம் கூடாது என்று சேர்த்திருக்கிறது. அப்படிப்பட்ட விளம்பரத்தைக் கண்டால் அவர்களிடம் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் புகார் செய்யலாம்.

கடைசியாக ஒன்று. மாடலுக்குக் கொடுக்க வைத்திருந்த தொகையை அந்த வாடிக்கையாளர்களுக்குக் கொடுங்கள். ஒரு குர்த்தியை அன்பளிப்பாகத் தந்து முடித்துக்கொள்வது நியாயமில்லை. படம் எங்கெங்கே வரும், எத்தனை மாதம் இருக்கும், எப்போது சொன்னாலும் எடுத்துவிடுவோம் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, அவரிடமும் ஒரு படியைக் கொடுங்கள்.


பதில்: கடலூர் உணவியல் ஆலோசகர்

உங்கள் நாத்தனாரின் கேள்விக்குப் பதில் சொல்ல விரும்புகிறேன். அவருடைய கவலையில் நியாயம் இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறைக் குறியீடு 25க்கு மேலுள்ள, அதாவது எடை கூடிய, பெண்கள் புதுச்சேரியில் ஏறத்தாழ 46 விழுக்காடு. தமிழ்நாட்டில் 40 விழுக்காடு. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் நம் தெருவில் இல்லாத வீடு இல்லை. இந்தியர்களுக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும் போக்கு கூடுதல் என்பதால், மேலைநாட்டவரைவிடக் குறைந்த எடையிலேயே ஆபத்து தொடங்கிவிடுகிறது. அதனால்தான் நமக்கு அந்தக் குறியீடு 23ஐத் தாண்டினாலே எச்சரிக்கை செய்கிறார்கள். இதை மூடிமறைக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் இதே எண்ணிக்கையை வேறு விதமாகவும் படிக்கலாம். இரண்டு பெண்களில் ஒருவர் என்ற அளவில் நம்மிடையே இருப்பவர்களுக்குப் பொருந்தும் துணி கடையில் இல்லை, அவர்கள் முகம் விளம்பரத்தில் இல்லை என்றால், நாம் யாருக்காகக் கடை நடத்துகிறோம்? உடை என்பது ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குத் தரும் பரிசில்லை. அவமானப்படுத்தினால் எடை குறையும் என்ற நம்பிக்கைக்கு மருத்துவத்தில் ஆதாரமில்லை. 2020ஆம் ஆண்டு பல நாட்டு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட கூட்டறிக்கை, உடல் பருமனைக் கேலி செய்வது உடலுக்கும் மனத்துக்கும் கேடு விளைவிப்பதோடு, தக்க சிகிச்சை பெறுவதையும் தடுக்கிறது என்று தெளிவாகச் சொன்னது. என்னிடம் வரும் பெண்களிடமும் அதையே காண்கிறேன். நடைப்பயிற்சிக்கு வெள்ளிக் கடற்கரைக்குப் போகச் சொன்னால், எந்த உடையில் போவது, யார் பார்ப்பார்கள் என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. நன்றாகப் பொருந்தும் ஒரு சுடிதார் கிடைத்தால் நடக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

அதே சமயம், எல்லா உடலும் ஆரோக்கியமான உடலே என்பதுபோன்ற வாசகங்களைப் படத்தில் போடாதீர்கள். அது உண்மையில்லை, அதைச் சொல்ல வேண்டிய இடமும் துணிக்கடையில்லை. ஒல்லியான மாடலின் படத்துக்குக் கீழே அவருடைய இரும்புச்சத்து எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. அதே ஆய்வில் நம் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருந்தது. படத்தைப் பார்த்து யாருக்கு என்ன நோய் என்று சொல்ல என்னாலும் முடியாது.

எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும். பெரிய அளவு உடைகளைக் காட்டும் பக்கங்களைத் தேடிப்பிடித்து, எங்கள் எடை குறைப்புப் பொடியையும் சேர்த்து விளம்பரம் செய்யுங்கள், கமிஷன் தருகிறோம் என்று கேட்பவர்கள் உங்களிடமும் வருவார்கள். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின் அட்டவணையில் உடல் பருமனும் இருக்கிறது. அதைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் செய்வதே குற்றம். மருந்தில்லை, உணவுதான் என்று சொல்லி அவர்கள் தப்பிக்கப் பார்ப்பார்கள். நீங்கள் அந்தப் பேச்சுக்கே இடம் கொடுக்க வேண்டாம். உங்கள் படத்தைப் பார்த்து மனம் தேறிய ஒரு பெண்ணிடம், அடுத்த படத்திலேயே அவள் உடம்பைக் குறைக்கப் பொடி விற்பது கொடுமை.


பதில்: திருப்பாதிரிப்புலியூர் ஜவுளி

வில்லியனூர் தங்கை எழுதியதைப் படித்துவிட்டு, முகப்புப் படத்தைப் பற்றிய என் யோசனையை நான் வலியுறுத்தவில்லை. ஒரே குர்த்தியில் மூன்று பேரை ஒன்றாக நிறுத்தி, அதையே முகப்பில் வைப்பது நல்ல வழியாகத் தெரிகிறது. ஆனால் ஒரே விலை என்பதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. சராசரி எடுத்தால் ஸ்மால் வாங்குகிறவர் பக்கத்துக் கடையில் முப்பது ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று போய்விடுவார். பெரிய கடைகள் அதைத் தாங்கும். நாம் தாங்குவோமா என்பதை மாஸ்டர் விளக்க வேண்டும்.


பதில்: மஞ்சக்குப்பம் கட்டிங் மாஸ்டர்

நல்ல கேள்வி. துணியைத் தனித்தனியாக வெட்டினால் நீங்கள் சொல்வது சரி. ஒரே மடிப்பில் பல அளவுகளையும் கலந்து மார்க்கர், அதாவது பாகங்களைத் துணிமேல் அடுக்கி வெட்டுக் குறி, போட்டால், பெரிய பாகங்களுக்கு இடையில் விழும் இடைவெளியில் சின்ன அளவின் கைகளையும் பட்டிகளையும் அடக்கிவிடலாம். வேஸ்ட் நன்றாகக் குறையும். நான் தைத்துக் கொடுக்கும் கடைகளில் அப்படிச் செய்த பிறகு, அளவுக்கு அளவு துணிச் செலவில் இருந்த வித்தியாசம் பெரிதும் சுருங்கிவிட்டது. முதல் முறை குறைந்த அளவில் வெட்டிக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.


பதில்: முத்தியால்பேட்டைக் கடைக்காரி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நாத்தனாரை அருகில் உட்காரவைத்து எல்லாப் பதில்களையும் படித்துக் காட்டினேன். உணவியல் ஆலோசகர் எழுதியதை அவர் தம் அலைபேசியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

சென்னை மாடல் வேண்டாம் என்று படம் எடுப்பவரிடம் சொல்லிவிட்டோம். கடைக்குள்ளேயே சாம்பல் திரை கட்டி எடுக்கிறோம். எங்கள் வாடிக்கையாளர்களில் கூட்டுறவு வங்கியில் வேலை செய்யும் ஒருவரும், மீன் வியாபாரம் செய்யும் அம்மா ஒருவரும், மெலிந்த உடல்வாகுள்ள கல்லூரி மாணவி ஒருத்தியும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சம்பளத் தொகையைச் சொன்னபோது மீன்கார அம்மா, “படத்துக்கு நிற்கவா காசு?” என்று கேட்டுவிட்டு, பிறகு பேரம் பேசி நூறு ரூபாய் கூட்டிக்கொண்டார். கையெழுத்துத் தாளை மாணவியின் அப்பாவும் படித்துப் பார்க்க வேண்டும் என்றார், நியாயம்தான். பாடி பாசிட்டிவிட்டி என்றோ வேறு எதுவுமோ படத்தில் எழுதப்போவதில்லை. நான்கு அளவுகளும் விலையும் மட்டும் இருக்கும். மறைக்க வேண்டிய சொற்களின் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பை என் அக்கா மகள் ஏற்றுக்கொண்டாள்.

ஒரே விலையைப் பற்றி எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. தீபாவளிச் சரக்கு முழுவதற்கும் அதைச் செய்ய நாத்தனார் தயங்குகிறார். காட்டன் குர்த்தியில் மட்டும் முதலில் செய்து பார்க்கலாம் என்கிறார். எக்ஸ்எல்லுக்கு மேல் தனிப் பேட்டர்ன் போடுவதில் இருவருக்கும் ஒரே எண்ணம்தான். மாஸ்டர் ஐயா, ஆவணி பிறந்ததும் துணியோடு மஞ்சக்குப்பம் வருகிறோம். அளவு கொடுப்பதற்கு டபுள் எக்ஸ்எல் அணியும் வங்கி ஊழியரையும் அழைத்து வரலாமா, அல்லது அவர் அளவை இங்கேயே எடுத்து அனுப்பினால் போதுமா என்று தெரிவியுங்கள்.


பதில்: மஞ்சக்குப்பம் கட்டிங் மாஸ்டர்

நேரில்தான் வேண்டும் அம்மா. அளவெடுத்து, காடாத் துணியில் ஒன்று தைத்து, அவர் உட்கார்ந்து, எழுந்து, கையைத் தூக்கிப் பார்த்த பிறகுதான் பேட்டர்னை முடிவு செய்வேன். என் மனைவிதான் அளவெடுப்பார். கூச்சப்பட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். ஞாயிறு தவிர எந்த நாளிலும் பத்து மணிக்கு மேல் வாருங்கள்.